கிராமத்தில் பொது சுகாதாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராமப்புற சுகாதார வேலைக்குப் புதிதாக வருபவர்கள், ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்கள், "எங்கள் ஊருக்கு ஒரு ஆஸ்பத்திரி வந்துவிட்டால் போதும்" என்று நம்புகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்குக் கதையாகச் சொன்னால்தான் புரியும்.

பொது சுகாதாரம் என்றால் இலவச வைத்தியம்தானே?

இலவச வைத்தியம் அதில் ஒரு பகுதி. ஒரே தெருவில் ஒரே வாரத்தில் எட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மருந்து கொடுப்பது வைத்தியம். அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் வந்தது என்று தேடிப் போய், குடிநீர்க் குழாய் எங்கே உடைந்து சாக்கடையோடு கலக்கிறது என்று கண்டுபிடித்து அடைப்பது பொது சுகாதாரம். முதல் வேலையில் நோயாளி நம்மிடம் வருகிறார். இரண்டாவதில் நாம் எழுந்து போகவேண்டும்.

குடிநீர், கழிப்பிடம், தடுப்பூசி, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் தொடர்ந்து பார்ப்பது, காசநோய்க்காரர் மருந்தைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வது, பிறப்பு இறப்புப் பதிவு என்று எல்லாம் இதில் அடங்கும். 1978ல் அன்றைய சோவியத் யூனியனின் அல்மா-அட்டாவில் நடந்த உலக மாநாடு, இவையெல்லாம் மக்கள் வாழும் இடத்திலேயே, அவர்களுடைய பங்கேற்போடு கிடைக்கவேண்டும் என்று அறிவித்தது. ஆரம்ப சுகாதாரம் என்ற சொல் உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டினால் இதெல்லாம் சரியாகிவிடாதா?

ஆஸ்பத்திரி கட்டாயம் வேண்டும். ஆனால் கிராமத்தில் உயிர் போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வெளியே. பேறுகால மரணங்களைப் பற்றி 1994ல் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதியதில் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள். ஆபத்து என்று உணர்ந்து கிளம்ப முடிவெடுப்பதில் தாமதம். கிளம்பியபின் போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்தபின் சரியான சிகிச்சை கிடைப்பதில் தாமதம். புதுக் கட்டடம் மூன்றாவதைத்தான் சரிசெய்யும், அதுவும் உள்ளே ஆளும் ரத்தமும் மருந்தும் இருந்தால்.

முதல் தாமதம் வீட்டுக்குள்ளே நடக்கிறது. ரத்தப்போக்கு இவ்வளவு இருந்தால் ஆபத்து என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் போகலாம் என்று சொல்ல வேண்டிய ஆள் வெளியே போயிருப்பார், கையில் பணம் இருக்காது. இதைச் சரிசெய்ய எட்டாம் மாதத்திலேயே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்த வண்டியில் போவது, யார் கூடப் போவது, வீட்டில் இருக்கும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்திருக்க வேண்டும். கட்டடத்தால் இது ஆகாது, ஒரு ஆள் வேண்டும்.

டாக்டர்கள் ஏன் கிராமத்தில் தங்குவதில்லை? சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதா?

திட்டுவது எளிது. அதனால் இதுவரை எந்த ஊருக்கும் டாக்டர் வந்ததில்லை. நூறு வருடங்களுக்கு முன்பே இதை நிதானமாக யோசித்தவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் வைத்தியம் கிடைக்காத நிலையை விசாரித்து 1912ல் ட்யூவர் குழு அறிக்கை கொடுத்தது. சிதறிக் கிடக்கும் ஏழைக் குடியிருப்புகளை நம்பி ஒரு டாக்டர் பிழைக்கவே முடியாது என்பது அதில் தெளிவாக வந்தது. மறு வருடமே அரசு செலவில் அந்தப் பகுதிக்கென்று ஒரு மருத்துவ சேவை அமைந்தது. டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி, பயணச் செலவு, தங்க வீடு, விடுப்பில் போனால் மாற்று டாக்டர். நோயாளி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒரே குறைந்த கட்டணம். பிரிட்டனில் எல்லோருக்குமான தேசிய சுகாதார சேவை 1948ல்தான் வந்தது. அதற்கு 35 வருடம் முன்பே இந்தத் தொலைதூரப் பகுதிக்கு இது கிடைத்துவிட்டது.

இன்றும் விடை அதேதான். தங்குவதற்கு நல்ல வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கூடப் பேச இன்னொரு மருத்துவப் பணியாளர், மேல்படிப்புக்கு வழி. கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களை மருத்துவம், செவிலியம் படிக்க வைப்பதும் நன்றாகப் பலன் தருகிறது. அவர்கள் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் எழுதிய ஜூலியன் டியூடர் ஹார்ட், வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் பல காலம் டாக்டராக இருந்தவர்.

அதிகம் படிக்காத ஒரு ஊர்ப் பெண்ணால் சுகாதார வேலையைச் சரியாகச் செய்ய முடியுமா?

முடியும். சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் இரண்டு இடங்களைச் சொல்வேன்.

மகாராஷ்டிராவின் ஜாம்கேட் பகுதியில் 1970ல் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்ற டாக்டர் தம்பதி வேலையைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களில் தங்கவைக்கும் முயற்சி சரிவரவில்லை. அப்புறம் ஒவ்வொரு ஊரும் தன் பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வாராவாரம் ஜாம்கேடுக்கு வந்து, சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, பார்த்ததையும் செய்ததையும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார்கள். பிரசவம் பார்த்தார்கள், குழந்தைகளை எடை போட்டார்கள், தொழுநோயின் ஆரம்ப அறிகுறியைக் கண்டுபிடித்தார்கள். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரே தேடி வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1979ல் அந்தத் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது.

இரண்டாவது, அதே மாநிலத்தின் கட்சிரோலி. அபய் பாங், ராணி பாங் என்ற டாக்டர்கள் இருவரும் கிராமப் பெண்களுக்கு, பிறந்த குழந்தையை வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்தார்கள். சூடு குறையாமல் பொதிந்து வைப்பது, மூச்சு விடாத குழந்தையை மூச்சு விட வைப்பது, சீழ்பிடிப்பின் அறிகுறியைப் பார்த்து ஊசி மருந்து போடுவது. 39 கிராமங்களில் நடந்த இந்த ஆய்வு 1999ல் வெளியானது. மூன்றாம் வருடத்தில், ஒப்பிட்ட மற்ற கிராமங்களை வைத்துப் பார்த்தால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது.

ஆனால் ஒன்று. இந்தப் பெண்களின் பின்னால் வாராவாரம் பயிற்சியும், தீராத மருந்தும், கூப்பிட்டால் வரும் டாக்டரும் இருந்தார்கள். அந்த ஆதரவைக் கொடுக்காமல், "தன்னார்வலர்" என்று பட்டம் மட்டும் சூட்டி, சம்பளமும் இல்லாமல் எல்லா வேலையையும் தலையில் கட்டினால் ஜாம்கேட் வராது. அந்தப் பெண் களைத்துப் போவார், அவ்வளவுதான்.

சுகாதார மேம்பாடு என்பது விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதுதானே?

கூட்டம், சுவரொட்டி, கைகழுவும் தினம் எல்லாம் அதில் மிகச் சிறிய பகுதி. 1986ல் ஒட்டாவாவில் வெளியான சாசனம், மக்கள் தங்கள் உடல்நலத்தின் மேல் தங்களுக்கே பிடிமானம் கிடைக்கச் செய்வது என்று இதற்குப் பொருள் சொன்னது. சட்டம், சுற்றுப்புறம், ஊர்க்கூட்டு முயற்சி, தனிமனிதத் திறன், மருத்துவ சேவையைத் திருத்தி அமைப்பது என்று ஐந்து வழிகளைக் காட்டியது. அறிவுரை அந்த ஐந்தில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

தண்ணீர் அரை மைல் தூரத்தில் இருக்கும் வீட்டில் போய், அடிக்கடி கை கழுவுங்கள் என்று சொன்னால் அந்த அம்மா என்ன செய்வார்? குடத்துத் தண்ணீரைச் சமையலுக்கு வைப்பாரா, கை கழுவ ஊற்றுவாரா? அங்கே செய்யவேண்டிய சுகாதார மேம்பாடு ஒரு குழாய் போடுவது.

ஒரு முழுப் பகுதியே பழக்கத்தை மாற்றிக்கொண்டது எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஃபின்லாந்தின் கிழக்கில் வடக்குக் கரேலியா என்ற கிராமப்புறப் பகுதி. 1960களில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான நிலைகளில் அதுவும் ஒன்று. மாடு வளர்த்துப் பிழைக்கும் பகுதி, எல்லாவற்றிலும் வெண்ணெய், ஆண்களில் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்கள். 1971ல் அந்தப் பகுதியின் பிரதிநிதிகளே ஏதாவது செய்யுங்கள் என்று அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். கோரிக்கை ஊரிலிருந்தே புறப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மறு வருடம் பெக்கா புஸ்கா என்ற, முப்பது வயதைத் தொடாத டாக்டரின் தலைமையில் திட்டம் தொடங்கியது.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரைக் கூட்டுச் சேர்த்தார்கள் என்பது. வீட்டுப் பெண்களின் சங்கமான மார்த்தா அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகக் கூடி, கொழுப்பைக் குறைத்துக் காய்கறி சேர்த்துப் பழைய உணவுகளையே புதிதாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். தொத்திறைச்சி செய்பவர்களிடம் பேசிக் கொழுப்பைக் குறைக்க வைத்தார்கள். வெண்ணெய் விற்காவிட்டால் பால்காரர் என்ன செய்வார்? அந்தக் குளிர்ப் பகுதியில் நன்றாக விளையும் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற உதவினார்கள். பின்னாளில் கிராமங்களுக்கிடையே ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் போட்டி கூட நடந்தது. வேலை செய்யும் வயது ஆண்களில் இதயநோய் இறப்பு சுமார் நாற்பது வருடங்களில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நாற்பது வருடம் என்பதையும் மறக்கவேண்டாம். மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

மருந்தே இல்லாத நோயை என்ன செய்வது?

நரம்புச்சிலந்தியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளத்துத் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சியோடு உள்ளே போகும் புழு, ஒரு வருடம் கழித்துக் காலில் கொப்புளம் கிளப்பி நூல்போல வெளியே வரும். மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. இன்று உலகம் முழுக்க ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996ல்.

துணியில் வடிகட்டிக் குடிப்பது, புண் இருப்பவர் குடிநீரில் இறங்காமல் பார்த்துக்கொள்வது, படிக்கிணறுகளைப் பாதுகாப்பான கிணறாக மாற்றுவது, ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் புது நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது. வேலை இவ்வளவுதான். ஆனால் ஒரு ஊர் விடாமல் நடக்கவேண்டும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பொட்டலம் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவை வெளியே போன பிறகும் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவேண்டாம். சுகாதாரப் பணியாளரிடம் துத்தநாக மாத்திரை கேட்டு வாங்கி 10 முதல் 14 நாள் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், சோர்ந்து கிடப்பது, குடிக்க முடியாமை இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

1971ல் மேற்கு வங்கத்தில் இருந்த வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, திலீப் மஹாலநபிஸ் என்ற டாக்டர் இந்தக் கரைசலைப் பீப்பாயில் கலந்து வைத்து, கூட இருக்கும் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

அதன்பின் 1980லிருந்து பத்து வருடம், பிராக் என்ற வங்கதேச அமைப்பின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வெல்லமும் உப்பும் வைத்து இதைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதற்கு இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மாரிடம் கேட்பார், அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்குத் தக்க சம்பளம். இருந்தும் ஆரம்பத்தில், தெரிந்த பல தாய்மார் இதைக் கொடுக்கவில்லை. ஏனென்று பார்த்தால், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே இதில் முழு நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசியிருக்கவில்லை. இரண்டையும் சரிசெய்த பிறகுதான் பழக்கம் பிடித்தது. சொல்கிறவர் நம்பாததை கேட்கிறவர் எப்படி நம்புவார்?

தடுப்பூசிக்கு வர மறுக்கிறார்கள். அறியாமைதானே?

அந்த வார்த்தையை நாம் கைவிட வேண்டும். போன தடவை ஊசி போட்டு ராத்திரி முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்திருக்கும், காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது முகாம் நடக்கும் நேரத்தில் அந்தத் தாய் வயலில் இருப்பார், ஒரு நாள் கூலி போய்விடும். மூன்று மைல் நடந்து வந்து மருந்து வரவில்லை என்று திரும்பிப் போனவர் அடுத்த முறை வரமாட்டார். காரணத்தைக் கேளுங்கள், பாதிக்கு மேல் நம் பக்கத்தில் இருக்கும்.

பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். கரண்ட் போகும் ஊரில் இது பெரிய வேலை. தட்டம்மை போன்ற வேகமாகப் பரவும் நோய்க்கு 95 சதவீதம் பேர் போட்டிருந்தால்தான் ஊருக்குக் காப்பு. கடைசி வீடு, ஒதுக்குப்புறக் குடியிருப்பு, இடம்பெயர்ந்து வந்தவர் கொட்டகை, இவை விட்டுப்போனால் அந்தக் கணக்கு எட்டாது.

பாம்பு கடித்தால், நாய் கடித்தால்?

பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும். நாய் கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசி தொடங்கவேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றினால் காப்பாற்ற முடியாது.

பூச்சிக்கொல்லி சுகாதாரத் துறையின் வேலையா?

கட்டாயம். விவசாயக் கிராமங்களில் தற்கொலை மரணங்களில் பூச்சிக்கொல்லிக்குப் பெரிய பங்கு உண்டு. இலங்கை 1980களிலிருந்து மிக நச்சான பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 1995க்குப் பிறகு இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது, விளைச்சலும் குறையவில்லை. ஒரு நொடி மனவேதனையில் எடுக்கும் முடிவிலிருந்து திரும்பிவர அவ்வளவு பேருக்கு வாய்ப்புக் கிடைத்தது. கூடவே பேச ஆளும் மனநல சிகிச்சையும் கிராமத்தில் கிடைக்கவேண்டும்.

போனிலேயே டாக்டர் கிடைக்கிறாரே, இனி நேரில் போவது எதற்கு?

தூரத்தைக் கருவியால் குறைப்பது புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் 1928ல் பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது. மறு வருடமே பெடல் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ வந்தது. அப்புறம் ஒதுக்குப்புறப் பண்ணைகளுக்கெல்லாம் எண் போட்ட மருந்துகள் கொண்ட பெட்டி கொடுத்தார்கள். டாக்டர் ரேடியோவில் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுக்கலாம். அது பலித்ததற்குக் காரணம் இந்தப் பக்கம் பெட்டி இருந்தது, எடுத்துக் கொடுக்க ஒரு கை இருந்தது. போனில் டாக்டர் முகம் தெரிந்தும் ரத்த அழுத்தம் பார்க்க ஆளில்லை, எழுதிய மாத்திரை கிடைக்கவில்லை என்றால் என்ன பயன்? ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இவை வலிக்காது, காட்டிக்கொடுக்காது. ஒரு மாதம் மாத்திரை வராவிட்டால் விட்டுவிடுவார்கள், பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும்.

ஒருநாள் மருத்துவ முகாம்கள் பயன்படுமா?

தொடர்ந்து வந்தால் பயன்படும். ஒருமுறை வந்து நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று வழி காட்டாமல் போய்விடுவது கொடுமை.

புதிதாக ஒரு பகுதிக்கு வேலைக்கு வருகிறேன். முதல் மாதம் என்ன செய்ய?

எல்லா வீட்டுக்கும் போங்கள். தென்னாப்பிரிக்காவின் போலேலாவில் 1940ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர்கள் சுகாதார மையம் தொடங்கியபோது, பக்கத்துக் குடியிருப்புகளை ஒவ்வொரு வீடாகப் பார்த்துப் பதிவு செய்துதான் வேலையைத் திட்டமிட்டார்கள். பிள்ளைகளின் சத்துக்குறைவு அதில் பளிச்சென்று தெரிந்ததும் மருந்தோடு நிற்காமல் காய்கறித் தோட்டம் போட வைத்தார்கள்.

நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் படத்தைக் கையாலேயே வரையுங்கள். கிணறு, குழாய், சாக்கடை, மழையில் துண்டிக்கப்படும் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எத்தனையாவது மாதம். இரண்டு வயதுக்குள் எத்தனை குழந்தைகள், எந்த ஊசி பாக்கி. தனியாக இருக்கும் முதியவர் யார், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்கு. போன வருடம் யார் யார் இறந்தார்கள், எதனால் என்று வீட்டார் நினைக்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். பேசி முடித்து எழுந்திருக்கும்போது, அடுத்து எப்போது வருவேன் என்று ஒரு நாளைச் சொல்லுங்கள். அந்த நாளில் போய்விடுங்கள்.